தொட்டறியும் வழியும் ஊராட்சியின் கடமையும்

விஜயதசமி நாளன்று ஒரு தாம்பாளத்தில் நெல்லைப் பரப்பி, குழந்தையை மடியில் அமர்த்தி, அதன் சுட்டுவிரலைப் பிடித்து 'அ' என்னும் எழுத்தை எழுதச் செய்யும் வழக்கத்தை நாம் அனைவரும் அறிவோம். அந்த நேரத்தில் குழந்தை எழுத்தைக் கண்ணால் படிப்பதில்லை. பெரியவரின் கை செல்லும் வழியிலே தன் விரலும் சென்று, எங்கே வளைவது, எங்கே நிற்பது என்பதைத் தொடுகையினால் அறிந்துகொள்கிறது. ஏர் பிடிக்கப் பழகும் சிறுவனின் கைமேல் தந்தை தம் கையை வைத்து மேழியை அழுத்துவதும் இதே முறைதான். எவ்வளவு அழுத்தினால் கொழு எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதைச் சொல்லால் விளக்கிவிட இயலாது. கைதான் கைக்குச் சொல்ல வேண்டும்.

ஆகவே தொடுகை இரண்டு பணிகளைச் செய்கிறது. ஒன்று, பொருளையும் இடத்தையும் அறிவிப்பது. மற்றொன்று, உடலின் அசைவைக் கற்பிப்பது. பார்வையற்றோருக்கும் பார்வை குறைந்தோருக்கும் இவ்விரண்டும் இன்றியமையாதவை. இவற்றுக்கெனச் செய்யப்பட்ட கருவிகளும் அமைப்புகளும் இன்று நம் கிராமங்களை எட்டியுள்ளன. அவற்றைச் செவ்வனே அமைப்பது எவ்வாறு என்பதை ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் வேண்டும். நாம் செய்த ஒரு தவற்றிலிருந்தே இதனை விளக்கத் தொடங்குவோம்.

நாம் செய்த தவறு

நம் ஒன்றியத்தைச் சேர்ந்த ஓர் ஊராட்சியில், சாலையிலிருந்து கூட்ட மண்டபம் வரை, பார்வையற்றோர் காலால் உணர்ந்து நடப்பதற்கெனப் புடைப்புள்ள மஞ்சள் நிறத் தரை ஓடுகள் பதிக்கப்பட்டன. மதிப்பீடு தயாரித்தோம், ஒப்பந்தக்காரர் வேலையை முடித்தார், அளவுப் புத்தகத்தில் நீளமும் அகலமும் சரியாகவே இருந்தன, பட்டியலில் கையொப்பமிட்டோம். வழி அமைந்துவிட்டது என்று தண்டோராவும் போடப்பட்டது.

ஆகஸ்டு 15-ஆம் நாள் கிராம சபைக்கு, நடுவயதில் பார்வையை இழந்த ஒரு பெரியவர் வந்தார். அவருடைய ஒன்றரை ஏக்கர் நிலம் வாய்க்காலின் கடைமடையில் உள்ளது. தூர்வாரும் வேலை கடைமடை வரை நடைபெற வேண்டும் என்று கேட்பதற்காகவே வந்தார். வழக்கமாக மகள் கைப்பிடித்து அழைத்து வருவாள். அன்று, 'வழி போட்டிருக்கிறார்களாமே' என்று நம்பித் தனியே வந்தார். சாலையோரத்து வாயிலிலிருந்து மண்டபத்திற்கு நாற்பது மீட்டர் தூரம்கூட இராது. அதனைக் கடக்க அவருக்குக் கால்மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. அவர் உள்ளே வந்து அமர்ந்தபோது தூர்வாரும் தீர்மானம் நிறைவேறிவிட்டது. கடைமடை அதில் இடம்பெறவில்லை.

கூட்டம் முடிந்தபின் அவரிடம் காரணம் கேட்டோம். "ஐயா, கோலைப் பிடித்து நடக்க நான் பட்டணத்தில் பயிற்சி பெற்றவன். புள்ளி போட்ட கல் என்றால் நில் என்று பொருள், கோடு போட்ட கல் என்றால் நட என்று பொருள் என்று சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே எல்லாக் கல்லும் புள்ளிக் கல்லாக இருக்கிறதே! நில், நில் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. நான் நின்று நின்று வந்தேன். கடைசியில் கொடிக்கம்பத்தின்மேல் போய் முட்டினேன்" என்றார்.

கடையில் புள்ளி ஓடுகள் மட்டுமே இருப்பு இருந்தன என்றும், இரண்டும் ஒன்றே என்று எண்ணி அவற்றையே பதித்துவிட்டதாகவும் ஒப்பந்தக்காரர் கூறினார். அவரைக் குறை கூறுவதில் பொருளில்லை. பார்த்துக் கையொப்பமிட்ட நமக்கும் அந்த வேறுபாடு தெரியவில்லை. நாம் அந்த ஓடுகளைக் கண்ணால் பார்த்தோமேயன்றிக் காலால் ஒருமுறையும் படித்துப் பார்க்கவில்லை.

தோலின் இயல்பு

தொட்டறியும் எந்த அமைப்பைச் செய்வதற்கு முன்னும் தோலின் இயல்பை அறிதல் வேண்டும். இதற்கு வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். இரண்டு ஈர்க்குச்சிகளை மிக நெருக்கமாகப் பிடித்து ஒருவருடைய விரல்நுனியில் மெல்ல வையுங்கள். இடையே 3 மில்லிமீட்டர் இருந்தாலும் 'இரண்டு' என்று சொல்லிவிடுவார். அதே இடைவெளியில் முதுகில் வைத்தால் 'ஒன்று' என்பார். முதுகில் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால்தான் இரண்டு என்பது புலப்படும். ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் வேபர் இத்தகைய சோதனைகளை 1834-இலேயே நூலாக வெளியிட்டார். விரலுக்குச் சொல்லும் செய்தியை முதுகுக்கோ பாதத்திற்கோ அதே அளவில் சொல்ல முடியாது என்பது இதிலிருந்து விளங்கும். எந்த உறுப்பு படிக்கப்போகிறதோ அந்த உறுப்புக்கேற்ற அளவு வேண்டும்.

இரண்டாவது இயல்பு இன்னும் முக்கியமானது. அசையாத விரல் அதிகம் அறியாது. மண்ணின் பதத்தை அறிய விரும்பும் உழவர் அதன்மேல் கையை வைத்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை. எடுத்து உருட்டிப் பார்க்கிறார். நெல் காய்ந்துவிட்டதா என்று அறிய உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கிறார். துணி வாங்குபவர் இரு விரல்களுக்கிடையே நெருடிப் பார்க்கிறார். தொடுகையும் அசைவும் இணைபிரியாதவை. தேடிச் செல்லும் கைக்கே தொடுகை முழுமையாகப் பயன்படுகிறது.

கண்ணுக்கு ஏற்ற எழுத்தும் விரலுக்கு ஏற்ற எழுத்தும்

இந்த உண்மையை உலகுக்கு உணர்த்தியவர் லூயி பிரெயில். அவர் 1809-இல் பிரான்சு நாட்டில் கூப்வ்ரே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி. மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடியபோது குத்தூசி ஒரு கண்ணில் பாய்ந்தது. புண் மற்றொரு கண்ணுக்கும் பரவி, ஐந்து வயதிற்குள் இரு கண்களும் பார்வையிழந்தன. 1819-இல் பாரிசில் இருந்த பார்வையற்ற சிறுவர்களுக்கான பள்ளியில் சேர்ந்தார்.

அப்பள்ளியில் அன்று இருந்த புத்தகங்களில், சாதாரண எழுத்துகளே தடித்த தாளில் பெரியதாகப் புடைத்திருந்தன. கண்ணுள்ளோருக்கு அவை எளிதாகத் தோன்றின. விரலுக்கோ ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் சுற்றிவந்து அறிவது பெரும்பாடாக இருந்தது. பக்கங்களும் மிகக் கனமானவை. அந்த எழுத்தைப் பிள்ளைகளால் தாமே எழுதவும் இயலவில்லை. பின்னர் சார்லஸ் பார்பியே என்பவர் புள்ளிகளால் ஆன ஒரு முறையைக் கொண்டுவந்தார். அதில் ஓர் எழுத்துக்கு 12 புள்ளிகள் வரை இருந்தன. அந்த எழுத்து ஒரு விரல்நுனிக்குள் அடங்கவில்லை. விரலை மேலும் கீழும் நகர்த்தியே அறிய வேண்டியிருந்தது.

பிரெயில் தம் 15-ஆம் வயதிலேயே, 1824-இல், அதனை ஆறு புள்ளிகளாகக் குறைத்தார். நெடுக்கில் மூன்று, குறுக்கில் இரண்டு. இந்த ஆறு புள்ளிகளும் ஒரே நேரத்தில் விரல்நுனியின்கீழ் அடங்கிவிடுகின்றன. விரல் இடமிருந்து வலமாக ஓடினால் போதும். ஆறு புள்ளிகளை வெவ்வேறு விதமாக இட்டு 63 குறிகளை ஆக்கலாம். எழுத்தும் எண்ணும் இசைக்குறிப்பும்கூட அதில் அடங்கும். புள்ளிகளுக்கிடையே ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. மேலே சொன்ன ஈர்க்குச்சிச் சோதனையில் விரல்நுனிக்குக் கிடைத்த அளவும் ஏறத்தாழ இதுவே அன்றோ?

1829-இல் அவர் தம் முறையை நூலாக வெளியிட்டார். ஆயினும் பள்ளிப் பொறுப்பிலிருந்த சிலர் அதனை ஏற்கத் தயங்கினர். பார்வையுள்ள ஆசிரியர்களுக்கு அது படிக்க இயலாத புள்ளிக்கூட்டமாகத் தோன்றியதும் அதற்கு ஒரு காரணம். 1852-இல் அவர் மறைந்தார். 1854-இல்தான் பிரான்சில் அம்முறை அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது. பயன்படுத்துவோரின் விரலைவிடப் பார்ப்போரின் கண்ணுக்கு மதிப்பளித்ததால் ஏற்பட்ட காலதாமதம் இது. நம் ஊராட்சியில் நேர்ந்ததும் இதே வகையான தவறுதான்.

இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பாரதி பிரெயில் முறை 1951-இல் ஏற்கப்பட்டது. தமிழும் அம்முறையிலேயே எழுதப்படுகிறது. அதில் ஒரு சிறப்பு உண்டு. நாம் 'கெ' என்று எழுதும்போது கொம்பை முன்னால் போட்டுப் பிறகு 'க' எழுதுகிறோம். பிரெயிலில் முதலில் 'க', பின்னர் 'எ' என ஒலிக்கும் வரிசையிலேயே குறிகள் அமைகின்றன. கண்ணுக்குப் பழகிய வடிவத்தை அப்படியே புடைத்துக் காட்டாமல், விரலுக்கும் செவிக்கும் உகந்த ஒழுங்கை அமைத்துள்ளனர்.

காலுக்கு ஏற்ற எழுத்து

விரலுக்குப் பிரெயில் போலக் காலுக்கும் ஓர் எழுத்து உண்டு. நாம் தவறாகப் பதித்த தரை ஓடுகள்தாம் அவை. ஜப்பானியரான செய்இச்சி மியாகே இவற்றை 1965-இல் உருவாக்கினார். 1967 மார்ச் 18-ஆம் நாள் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகிலுள்ள சாலையில் முதன்முதலாக அவை பதிக்கப்பட்டன. பின்னர் ஜப்பானிய ரயில் நிலையங்களுக்கும், அதன்பின் உலகெங்கும் பரவின. 2001-இல் ஜப்பானும், 2012-இல் பன்னாட்டுத் தர அமைப்பும் இவற்றுக்குத் தர அளவுகளை வகுத்தன.

இந்த எழுத்தில் இரண்டே சொற்கள் உள்ளன. நீளவாட்டில் கோடுகள் புடைத்த ஓட்டுக்கு 'இவ்வழியே நட' என்று பொருள். வட்டப் புள்ளிகள் புடைத்த ஓட்டுக்கு 'நில், கவனி' என்று பொருள். நடக்கும் திசையில் கோடுகள் நீண்டிருக்க வேண்டும். படிக்கட்டின் தொடக்கம், சரிவுப் பாதையின் இரு முனைகள், கதவு, சாலையைக் கடக்குமிடம், வழி திரும்புமிடம் ஆகியவற்றில் மட்டும் புள்ளி ஓடு வேண்டும். புடைப்பின் உயரம் 5 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். செருப்பணிந்த காலுக்கும் கோலின் நுனிக்கும் அது தெரியும். தள்ளுவண்டியையோ முதியவரின் காலையோ இடறாது.

இரண்டே சொற்கள் உள்ள மொழியில் ஒன்றைப் பிழையாகச் சொன்னாலும் கேடு விளையும். நம் ஊராட்சியில் எல்லாவற்றையும் 'நில்' என்று எழுதினோம். அதற்கு நேர்மாறாக, படிக்கட்டின் விளிம்பிலும் 'நட' என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மஞ்சள் நிறத்தையும் அழகுக்காக என்று கருதலாகாது. முழுப் பார்வை இழக்காமல் மங்கலாகக் காண்போர் பலர். சாம்பல் நிறத் தரையில் மஞ்சள் அவர்களுக்கு வழிகாட்டுகிறது. ஆகவே ஓட்டின்மேல் வேறு வண்ணம் பூசுதலும் கூடாது.

அசைவைக் கற்பிக்கும் தொடுகை

இனி இரண்டாவது பணிக்கு வருவோம். வெள்ளைக்கோல் பிடித்து நடப்பதைப் பலர் வெறும் ஊன்றுகோல் நடை என்று எண்ணுகின்றனர். அது முறையாகக் கற்க வேண்டிய ஓர் அசைவு. இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக, அமெரிக்காவில் ரிச்சர்டு ஹூவர் என்பவர் 1940-களில் இதனை ஒழுங்குபடுத்தினார். கோல் தரையிலிருந்து நெஞ்செலும்பு வரை நீளமுள்ளதாகவும் எடை குறைந்ததாகவும் இருக்க வேண்டும். வலக்கால் முன்செல்லும்போது கோலின் நுனி இடப்புறம் தொடும். இடக்கால் முன்செல்லும்போது வலப்புறம் தொடும். அடுத்து எந்தக் கால் விழப்போகிறதோ அந்த இடத்தைக் கோல் முன்கூட்டியே தொட்டுப் பார்த்துவிடுகிறது. தொடக்கத்தில் பயிற்றுநர் மாணவரின் மணிக்கட்டைப் பிடித்து அசைவைப் பழக்குவார். பின்பு பிடியைத் தளர்த்துவார். இறுதியில் சில அடிகள் பின்னே நடந்துவருவார்.

தொடுகையும் தன் அசைவும் சேர்ந்தாலன்றி அறிவு பிறக்காது என்பதை 1969-இல் பால் பாக்-இ-ரீட்டா என்னும் அமெரிக்க மருத்துவ அறிஞர் ஒரு சோதனையில் காட்டினார். ஒரு நாற்காலியின் முதுகுப்புறத்தில் 20-க்கு 20 என்ற வரிசையில் 400 சிறு அதிர்வுமுனைகளை அமைத்தார். காமிரா காணும் வடிவத்தை அவை முதுகில் அதிர்வுகளாக வரைந்தன. பார்வையற்றோர் அதில் அமர்ந்து எதிரிலுள்ள பொருள்களை அறியக் கற்றனர். ஆனால் காமிராவை அவர்களே தம் கையால் திருப்பியபோதுதான் பயன் கிட்டியது. வேறொருவர் திருப்பினால் முதுகில் ஏதோ கூச்சம் மட்டுமே தெரிந்தது. தாமே திருப்பிப் பழகியபின், அதிர்வை முதுகில் உணர்வதாக இன்றிப் பொருளைத் தமக்கு எதிரே உணர்வதாகக் கூறினர்.

அதிர்வால் அசைவைத் திருத்தும் முயற்சிகள் பின்னர் வளர்ந்தன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 2007-இல் கையில் அணியும் ஓர் அதிர்வு உறை செய்யப்பட்டது. கை பிழையான நிலைக்குச் சென்றால் அந்தப் பக்கத்து அதிர்வு அதனைச் சுட்டிக்காட்டியது. இங்கிலாந்தில் வயலின் வில்லை நேராக இழுக்கக் கற்பிக்கும் அதிர்வுச் சட்டை ஒன்றும் ஆராயப்பட்டது.

இவற்றிலெல்லாம் ஓர் எச்சரிக்கை உண்டு. ஓயாது திருத்திக்கொண்டே இருக்கும் கருவி, அது இயங்கும்வரை கற்பவரைச் சரியாக ஆட்டுவிக்கும். அதனை நீக்கியதும் கற்றது நில்லாது. அசைவுப் பயிற்சி பற்றி ஆராய்ந்த அறிஞர்கள் இதனை 1984-இல் தெளிவாக எடுத்துரைத்தனர். நம் ஊர்ப் பெரியோர் இதனை முன்பே அறிந்தவர்கள். கிணற்றில் நீந்தக் கற்கும் பிள்ளையின் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிவிடுவர். நாலைந்து நாள் சென்றபின் அதனை அவிழ்த்துவிடுவர். அவிழ்க்காமலே விட்டால் பிள்ளை மிதக்கக் கற்றிருக்கும், நீந்தக் கற்றிராது. உதவி செய்யும் கையும் உரிய காலத்தில் விலகிக்கொள்ள வேண்டும். பார்வையற்றவரைக் கைப்பிடித்து இழுத்துச் செல்வதே உதவி என்று கருதுவோர் இதனைச் சிந்திப்பார்களாக. அவர் நம் முழங்கையைப் பிடித்து அரை அடி பின்னே வருவதே முறை. நம் உடலின் திருப்பமும் படியேற்றமும் அவர் கைக்குத் தெரியும். நடையும் அவருடையதாகவே இருக்கும்.

நம்மிடையே உள்ள கருவிகள்

வெள்ளைக்கோல் தரையைத் தொடும். முழங்காலுக்கு மேலே உள்ளதை அறியாது. தாழ்ந்த மரக்கிளை, நிறுத்திய வண்டியின் நீண்ட ஏர்க்கால், டிராக்டர் டிரெய்லரின் விளிம்பு, கொடிக்கயிறு ஆகியவை கிராமத்தில் முகத்தையும் மார்பையும் தாக்குகின்றன. இதற்கெனத் தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 'ஸ்மார்ட்கேன்' என்னும் கருவியை உருவாக்கினர். 2014-இல் அது வெளியிடப்பட்டது. அதன் உற்பத்திப் பொறுப்பைச் சென்னையிலுள்ள ஒரு நிறுவனம் ஏற்றது. கோலின் பிடியில் பொருத்தும் இக்கருவி, வௌவாலைப் போலக் காதுக்கெட்டாத ஒலியை அனுப்பி, 3 மீட்டருக்குள் இருக்கும் தடையை உணர்ந்து கைப்பிடியை அதிரச் செய்கிறது. தடை அருகே வர வர அதிர்வின் வகை மாறுகிறது. காதுக்குச் சொல்லாமல் கைக்குச் சொல்வதில் நன்மை உண்டு. பார்வையற்றவருக்குக் காது வண்டியோசையைக் கேட்கத் தேவைப்படுகிறது, அதனை அடைத்துவிடலாகாது.

கைப்பேசியின் வழவழப்பான கண்ணாடியில் புடைப்பு ஏதுமில்லை. எனினும் 2009 முதல், விரல் படும் இடத்திலுள்ளதை வாய்விட்டுப் படிக்கும் வசதி அதில் வந்துள்ளது. இன்று தமிழிலும் படிக்கிறது. விரல் ஊர்ந்து தேடும்போது கருவி பெயரை மட்டும் சொல்லும். இருமுறை தட்டினால்தான் செயல் நடக்கும். தேடும் கை தவறிப் பட்டுப் பணம் அனுப்பிவிடலாகாது என்பதால் இவ்வேறுபாடு இன்றியமையாதது.

ரூபாய்த் தாள்களிலும் தொட்டறியும் குறிகள் உண்டு. இன்றுள்ள 100 ரூபாய்த் தாளின் இரு ஓரங்களிலும் நான்கு புடைப்புக் கோடுகளும், 500 ரூபாய்த் தாளில் ஐந்து கோடுகளும் உள்ளன. 200 ரூபாய்த் தாளில் நான்கு கோடுகளுக்கிடையே இரண்டு சிறு வட்டங்கள் உள்ளன. சந்தையில் வியர்வையும் மண்ணும் பட்டுத் தாள் கசங்கினால் புடைப்பு மழுங்கிவிடுகிறது. இதனால் ரிசர்வ் வங்கி 2020-இல் தாளின் மதிப்பைக் கைப்பேசி சொல்லும் 'மணி' என்னும் செயலியையும் வெளியிட்டது. தொட்டறியும் பொருள் எதுவாயினும் அது எத்தனை நாள் தேயாமல் இருக்கும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்னும் பாடம் இதில் உண்டு.

ஊராட்சி செய்ய வேண்டியவை

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் ஏறத்தாழ 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். அவர்களுள் பத்தில் ஏழு பேர் அளவில் கிராமவாசிகள். பார்வைக் குறைபாடு உடையோர் மட்டும் 50 லட்சம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்களை அவர்கள் தடையின்றி அணுகக்கூடியவையாக அமைக்க வேண்டும் என்கிறது. ஆகவே இது தயவு காட்டும் வேலையன்று. சட்டம் விதித்த கடமை. அதனைச் செய்யும்போது கீழ்க்கண்டவற்றை மனத்திற்கொள்வது நலம்.

முதலாவது, மதிப்பீடு தயாரிக்கும் முன்பே ஊரிலுள்ள பார்வையற்றோரையும் பார்வை குறைந்தோரையும் அழைத்துக் கேட்க வேண்டும். அவ்வூரில் எவரும் இல்லையெனில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் உதவியை நாடலாம்.

இரண்டாவது, அவர் வழக்கமாக நடக்கும் வழியை முதலில் அறிய வேண்டும். அவர் நடக்க, பின்னால் சுண்ணாம்புப் பொடியைத் தூவிக்கொண்டே செல்லலாம். வரைபடத்தில் போட்ட நேர்கோட்டைவிட அக்கோடு உண்மையானது.

மூன்றாவது, சிமெண்டு பூசுவதற்கு முன் ஓடுகளை மணலில் வெறுமனே அடுக்கி அவரை நடக்கச் செய்து பார்க்க வேண்டும். பிழையிருந்தால் அப்பொழுது மாற்றுவதற்குச் செலவில்லை.

நான்காவது, கோட்டு ஓடும் புள்ளி ஓடும் தனித்தனியாக எத்தனை என்பதை மதிப்பீட்டிலும் ஒப்பந்தத்திலும் குறிப்பிட வேண்டும். 'மஞ்சள் ஓடு' என்று பொதுவாக எழுதுவதுதான் குழப்பத்திற்கு மூலம்.

ஐந்தாவது, அறைப் பெயர்களைப் பிரெயிலில் எழுதும் பலகையைக் கதவின்மேல் பொருத்தலாகாது. கதவு திறந்து முகத்தில் மோதும். தாழ்ப்பாள் இருக்கும் பக்கத்துச் சுவரில் கை எட்டும் உயரத்தில் அமைக்க வேண்டும். புள்ளிகளை மூடிக் கண்ணாடி போட்டுவிடுவதும் சில இடங்களில் நடக்கிறது. கண்ணாடிக்குள் உள்ள பிரெயிலை எந்த விரல் படிக்கும்?

ஆறாவது, பராமரிப்பு. ஓட்டின்மேல் இருசக்கர வண்டியை நிறுத்துவதும், நெல் காயப்போடுவதும், விழாக்காலத்தில் பந்தற்கால் நடுவதும் வழியை அடைத்துவிடுகின்றன. ஓட்டுவழி காலியாக உள்ளதா என்பதை ஒவ்வொரு கிராம சபைக்கும் முன்னதாக ஊராட்சிச் செயலர் பார்வையிட வேண்டும்.

திருத்திய வழி

நம் தவற்றைத் திருத்த ஏறத்தாழ ஆறு வாரங்கள் ஆயின. ஓடுகளைப் பெயர்த்தெடுத்ததில் பல உடைந்தன; முன்பு செய்த செலவில் ஒரு பகுதி வீணாயிற்று. அதனை மறைப்பதில் பயனில்லை. இம்முறை பெரியவரே முன்னே நடந்தார். கொத்தனார் பின்னால் கோடு இழுத்தார். நாம் வரைந்திருந்த வழி கொடிக்கம்பத்தைத் தொட்டுச் சென்றது; அவருடைய கால் சென்ற வழி வேப்பமரத்தின் பக்கமாக இருந்தது. அங்கே நிழலின் குளிர்ச்சி முகத்தில் படுவதால் திரும்புமிடம் தெரிகிறது என்று அவர் விளக்கினார். எந்தப் பொறியாளரின் படத்திலும் அச்செய்தி இராது. மணலில் ஓடுகளை அடுக்கிப் பார்த்தபோது, படிக்கு முன்னுள்ள புள்ளி ஓடு படியை மிகவும் ஒட்டியிருப்பதாகவும், நிற்பதற்குள் கால் இடித்துவிடுவதாகவும் கூறினார். அதனைச் சற்றுப் பின்னே தள்ளிய பிறகே சிமெண்டு பூசப்பட்டது.

அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபைக்கு அவர் தனியே வந்தார். கூட்டம் தொடங்குவதற்கு முன்பே வந்து முன்வரிசையில் அமர்ந்தார். தம் முறை வந்ததும் எழுந்து, கடைமடைக்கு இரண்டு ஆண்டுகளாகத் தண்ணீர் வந்து சேரவில்லை என்பதை எடுத்துரைத்தார். அவரைப் போன்றே கடைமடையில் நிலம் வைத்துள்ள பதினொரு குடும்பத்தாரும் அவரை ஆதரித்தனர். தூர்வாரும் வேலையைக் கடைமடை வரை நீட்டித்துத் தீர்மானம் நிறைவேறியது.

அந்தப் பதினொரு குடும்பத்தாரும் கண்பார்வை உள்ளவர்களே. ஆனால் அவர்கள் சார்பில் பேசத் துணிந்தவர் ஆகஸ்டு மாதத்தில் நம் ஓட்டுவழியிலேயே நின்றுவிட்டார். ஒருவருக்கு வழி அடைபட்டால் இழப்பு அவரோடு நிற்பதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் அடுத்த கிராம சபைக்கு முன்னர் ஒரு நாள் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, தம் ஊராட்சி அலுவலகத்தின் வாயிலிலிருந்து இருக்கை வரை நடந்து பார்க்க வேண்டுகிறோம். அதனால் பார்வையற்றவரின் அனுபவம் முழுவதும் விளங்கிவிடாது. பழகிய கால் அறிவதைப் பழகாத கால் அறியாது. ஆனால் எவரிடம் சென்று கேட்க வேண்டும் என்பது விளங்கும். கேட்டபின் கட்டுவோமாக.